சுரங்க நகரின் வானொலி

ஒரு வெகுசனத் தொடர்பு சாதனத்தை மதிப்பிடப் புகும்போது, அதனைத் தோற்றுவித்தவர் யார் என்ற வினாவோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகின்றோம். முதலாளி தொடங்கியது முதலாளிக்கே உழைக்கும், அரசு தொடங்கியது அரசையே பாடும் என்பது நம்மிடையே ஏறத்தாழ ஒரு சூத்திரமாகிவிட்டது. பல இடங்களில் அது பொருந்தவுஞ் செய்கின்றது. ஆயினும், பொலிவியாவின் சிறு சுரங்க நகரொன்றில் தோன்றிய 'பியோ டோசே' வானொலியின் வரலாறு அச்சூத்திரத்தை மீண்டும் பரிசீலிக்குமாறு நம்மை வற்புறுத்துகின்றது.

பொத்தோசி மாநிலத்தில், யாயாகுவா நகரையொட்டி அமைந்தது சிக்லோ பெயின்டே என்னும் வெள்ளீயச் சுரங்கக் குடியிருப்பு. பற்றினோ என்ற பெருமுதலாளியின் உடைமையாயிருந்த அச்சுரங்கம், 1952ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் நாட்டுடைமையாயிற்று. அங்கே தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணஞ் சேர்த்து, 'சுரங்கத் தொழிலாளியின் குரல்' என்ற வானொலியைத் தம் சங்கத்தின் மூலம் நடத்தினர். அதற்குப் போட்டியாகவே 1959இல் 'பியோ டோசே' எழுந்தது. பாப்பரசர் பன்னிரண்டாம் பியூஸின் பெயரைத் தாங்கிய இந்நிலையத்தை நிறுவியோர், கனடாவிலிருந்து வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றிவரும் சபையினர். பொதுவுடைமைக் கருத்தையும் குடிப்பழக்கத்தையும் ஒழிப்பதே அவர்கள் கொண்ட நோக்கம்.

பின்னர் நிகழ்ந்தது யாது? சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதில் மாண்டோரின் வீடுகளைக் குருமார் நாள்தோறும் கண்டனர். 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய பரியென்டோஸ், மறு ஆண்டிலேயே தொழிலாளரின் கூலியை வெட்டினார். 1967 யூன் 24ஆந் திகதி விடியற்காலையில், ஸ்நாபக அருளப்பர் திருநாளிரவைக் கொண்டாடி ஓய்ந்த குடியிருப்பினுள் இராணுவம் புகுந்து மக்களைச் சுட்டுக் கொன்றது. இவற்றின் நடுவே அவ்வானொலியின் குரல் படிப்படியாக மாறிற்று. 1975 சனவரியில் இராணுவம் அப்பகுதி நிலையங்களைத் தாக்கியபோது 'பியோ டோசே'யும் தப்பவில்லை. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தம் சங்கத்தை எதிர்ப்பதற்கென்றே தொடங்கப்பெற்ற ஒரு நிலையத்திற்காகவும் அவர்கள் கூலியை இழக்க முன்வந்தமை நமது கவனத்துக்குரியது.

அக்காலச் சுரங்க வாழ்வை, டொமிற்றிலா பரியோஸ் டி சுங்காரா என்ற தொழிலாளியின் மனைவி சொல்லி 1977இல் நூலாக வெளிவந்த வாக்குமூலமும், ஹோர்ஹே சன்ஹினேஸின் 1971ஆம் ஆண்டுத் திரைப்படமும் உலகறியச் செய்தன. ஆனால் வானொலியின் மாற்றத்தைப் பேசுவோர் சிலர், அதனைக் குருமாரின் இரக்கத்தால் விளைந்ததாகவே காட்டுகின்றனர். இவ்விளக்கம் போதாது என்பதே நமது கருத்து. இரக்கமுள்ளோர் எங்குமுளர். இங்கோ, பொய்யுரைக்கும் நிலையத்தை விட்டு உடனே தமது சொந்த நிலையத்துக்கு முள்ளைத் திருப்பக்கூடிய ஓர் ஊர் இருந்தது. தனக்கெனக் குரல் படைத்திருந்த மக்கட் கூட்டமே பிறர் கொணர்ந்த குரலையும் திருத்தியது.

இவ்வளவில் கட்டுரையை முடித்தால் நாமும் வீரகதை பாடியோராவோம். 1980 யூலை 17இல் நிகழ்ந்த இராணுவப் புரட்சியின்போது, சுரங்க வானொலிகள் சங்கிலியாய் இணைந்து உண்மைச் செய்திகளை ஒலிபரப்பின. இராணுவம் ஒவ்வொன்றாகவே அவற்றை அடக்க நேர்ந்தது. எனினும் 1985இல் வெள்ளீய விலை வீழ்ந்தது. அரசின் புதிய பொருளாதார ஆணையின் பின் 20,000க்கு மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்து, குடும்பத்தோடு ஊர்விட்டுப் போயினர். கூலி நின்றதும், கூலியால் வாழ்ந்த சங்க வானொலிகளிற் பெரும்பாலானவை ஓய்ந்தன. துப்பாக்கியால் நிரந்தரமாக முடியாததைச் சந்தை செய்து முடித்தது. திருச்சபையின் ஆதரவு பெற்ற 'பியோ டோசே'யோ நிலைத்தது.

கசப்பான இவ்வுண்மையை மறைப்பது முற்போக்காகாது. தொழிலாளரே தோற்றுவித்தது மடிந்தது. அவர்களுக்கெதிராகத் தோன்றியது, அவர்களால் மாற்றப்பெற்று, வாழ்ந்தது. ஆதலின், ஒரு வானொலியை யார் தொடங்கினர் என்பதோடு, அதனைக் கேட்போர் தட்டிக்கேட்க முடிகின்றதா, அது எந்த வருவாயில் உயிர்வாழ்கின்றது என்பவற்றையும் விமர்சகர் ஆராய்தல் வேண்டும். தம் கூலியால் ஒரு குரலை வளர்க்கும் மக்கள், அக்கூலியையே பறிக்கும் பொருளாதாரத்தையும் சேர்த்தே எதிர்க்க வேண்டியவராவர்.