லித்துவேனியச் சொல்லாக்கத்தில் பின்னொட்டுகளும் கடன்சொற்களும்: இணைச்சொல் ஒப்பீட்டின் எல்லை

லித்துவேனியச் சொல்வளத்தை ஆராயும்போது, தாய்மொழி வேரும் பின்னொட்டும் சேர்ந்த சொல்லையும் அதற்கு நிகரான கடன்சொல்லையும் அருகருகே நிறுத்தி, எது நிலைத்தது எனக் கணக்கிடுவது எளிய வழி. இதற்கு வரலாற்றுப் பின்புலமும் உண்டு. 1864 முதல் 1904 வரை இலத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்கள் அச்சாவதை உருசியப் பேரரசு தடுத்திருந்தது. யோனஸ் யப்லோன்ஸ்கிஸின் இலக்கணம் 1901இல் எல்லைக்கு அப்பால், பிரஷ்யாவில்தான் வெளிவந்தது. அச்சூழலில் கடன்சொல் களைதல் மொழிக்காப்பாகவே கருதப்பட்டதில் வியப்பில்லை.

சில இணைகளில் முடிவு தெளிவானது. விரைந்து பறத்தலைக் குறிக்கும் 'லேக்தி' என்னும் வினையுடன் கருவிப்பொருள் தரும் '-துவஸ்' சேர்ந்து 'லேக்துவஸ்' (வானூர்தி) ஆயிற்று, 'ஏரோப்லானஸ்' பழவழக்காயிற்று. ஓட்டுநரைக் குறிக்க 'வைருவோதோயஸ்' பொதுவழக்கில் நிற்க, 'ஷோஃபெரிஸ்' பேச்சுவழக்கில் ஒதுங்கியது. கணினியோ 'கொம்ப்யூதெரிஸ்' ஆகவே நிலைத்தது. '-துவஸ்' ஒட்டுவதற்குக் கருவியின் தொழிலைச் சுட்டும் ஒரு வினை வேண்டும். எண்ணுதலைக் குறிக்கும் வினை 'ஸ்கைச்சுவோதுவஸ்' என்னும் கணிப்பானுக்குப் பயன்பட்டுவிட்டது. பல தொழில் புரியும் கணினிக்கு ஒற்றை வினை அமைவதும் அரிது. கணிப்பானுக்கும் 'கல்குலியாதோரியுஸ்' இன்றும் உடன்வழங்குகிறது என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் உண்மையான போட்டி முழுச்சொற்களுக்கு இடையே மட்டும் நிகழ்வதன்று. 'ஓர்கனிஸுவோதி' (ஒழுங்கமைத்தல்) என்னும் வினையின் அடி கடன். அதனை வினையாக்கும் '-உவோதி' லித்துவேனியம். அவ்வினையின் இறந்தகால அடியில் தொழிற்பெயர் விகுதியாகிய '-இமஸ்' சேர, 'ஓர்கனிஸாவிமஸ்' பிறக்கிறது. அதன் எதிரில் நிற்கும் 'ஓர்கனிஸாத்ஸியா' ஈற்றுடன் சேர்த்தே கடன் கொள்ளப்பட்டது. முன்னது ஒழுங்கமைக்கும் செயலைக் குறிக்க, பின்னது முதன்மையாக அமைப்பை, நிறுவனத்தைக் குறிக்கிறது. இங்கு வென்றது எது, தோற்றது எது? ஒன்று மற்றொன்றை வெளியேற்றவில்லை, பொருளைப் பங்கிட்டுக்கொண்டன. 'மொதெர்னிஸாவிமஸ்', 'மொதெர்னிஸாத்ஸியா' என்னும் இணையிலோ இரண்டும் நவீனமாக்கலையே குறிக்கின்றன. பங்கீடு இன்னும் முடியவில்லை. இணைச்சொல் பட்டியல் 'ஓர்கனிஸாவிமஸ்' போன்ற கலப்புச்சொற்களைக் கடன் பக்கம் சேர்த்தால் '-இமஸ்' விகுதியின் ஆக்கத்திறன் கணக்கிலிருந்து விடுபடும். தாய்மொழிப் பக்கம் சேர்த்தால் அடிச்சொல்லின் வரவு மறையும்.

1995ஆம் ஆண்டின் அரசமொழிச் சட்டத்திற்குப் பின்னும் சொல்லின் பிறப்பை அளவுகோலாகக் கொள்ளும் வாதங்கள் ஓயவில்லை. அவ்வளவுகோல் காலத்தைக் கணக்கில் கொள்வதில்லை. நூலைக் குறிக்கும் 'க்னீகா' ஸ்லாவிய மொழியிலிருந்து முன்னாளில் வந்த கடன். அதனுடன் '-ஈனஸ்' சேர்ந்த 'க்னீகீனஸ்' (புத்தகக்கடை) இன்று எவருக்கும் அயற்சொல்லாகத் தோன்றுவதில்லை. அச்சுத்தடைக் காலத்தில் எல்லை கடந்து நூல்களைக் கடத்தி வந்து தாய்மொழியைக் காத்தவர்களுக்கு வழங்கும் 'க்னீக்னெஷீஸ்' (நூல்சுமப்போர்) என்னும் பெயரின் முதற்பாதியும் அக்கடன்சொல்லே.