அனுதின வேத தியானமும் ஆசாரியத்துவமும்

லேவியராகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் ஆசாரியனுக்குச் சொல்லப்பட்ட வேலைகளில் சாம்பல் அள்ளுவதும் ஒன்று. சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு, இரவெல்லாம் எரிந்த பலியின் சாம்பலை எடுத்துப் பலிபீடத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு உடையை மாற்றிக்கொண்டு அதைப் பாளயத்துக்குப் புறம்பே சுமந்து செல்ல வேண்டும். காலைதோறும் விறகு அடுக்க வேண்டும். அக்கினி அவியக் கூடாது. காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, மாலையில் ஒரு ஆட்டுக்குட்டி, விளக்குகளைச் சீர்ப்படுத்தும் வேளையில் தூபம் என்று யாத்திராகமம் மேலும் சொல்கிறது. மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைவது ஆண்டுக்கு ஒரு நாள், அதுவும் பிரதான ஆசாரியன் ஒருவனுக்கே. மற்ற நாளெல்லாம் மற்ற ஆசாரியருக்கு இந்த அன்றாட ஊழியந்தான். ஆசாரியத்துவம் என்றதும் அபிஷேகத்தையும் அங்கியையும் நினைக்கும் நாம் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

இந்த ஊழியத்தோடு இன்னும் இரண்டு பொறுப்புகள் சேருகின்றன. ஆசாரியனின் உதடுகள் அறிவைக் காக்க வேண்டும், ஜனங்கள் அவன் வாயிலிருந்து வேதத்தைத் தேடுவார்கள் என்பது மல்கியா வைக்கும் அளவுகோல். ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்களும் கற்களில் வெட்டப்பட்டிருந்தன என்பது யாத்திராகமம் தரும் செய்தி. அவன் கர்த்தருடைய சந்நிதிக்குள் போகும்போது அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்துகொண்டே போக வேண்டும். வேதத்தைக் கற்பதும் பிறர் பெயரைச் சுமப்பதும் ஒரே ஆளின் ஒரே ஊழியம். பிற்காலத்தில் எழுந்த மரபுகளையெல்லாம் இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி. யார் பீடத்தண்டை நிற்கலாம் என்பதில் சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியிருக்கின்றன. நிற்பவர் தினமும் என்ன வாசிக்கிறார், யாருக்காக ஜெபிக்கிறார் என்பதில் அத்தனை வழக்கு நடக்கவில்லை. எனக்கு இரண்டாவதே பெரிய கேள்வியாகப் படுகிறது.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பொருள் இரண்டு திசைகளில் விரிகிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் இயேசு ஒருவரையே பிரதான ஆசாரியராக நிறுத்துகிறது. நமக்காக வேண்டுதல்செய்ய அவர் எப்பொழுதும் உயிரோடிருக்கிறார் என்பதே அதன் வாதத்தின் உயிர். பேதுருவின் முதலாம் நிருபமும் வெளிப்படுத்தின விசேஷமும் விசுவாசிகள் அனைவரையும் ஆசாரியக் கூட்டம் என்கின்றன. சபை மூப்பர் எவரையும் அந்தப் பதவியின் காரணமாக நிருபங்கள் ஆசாரியர் என்று அழைப்பதில்லை. அப்படி அழைக்கும் வழக்கம் அப்போஸ்தலர் காலத்துக்குப் பின் வளர்ந்தது. சரியா தவறா என்ற விவாதம் அங்கே தொடங்கி இன்னும் முடியவில்லை.

கத்தோலிக்க மரபில் அன்றாட வாசிப்பு ஒரு கடமையாகவே கட்டமைக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின்படி துறவியர் 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். மடத்து வழக்கம் மெல்ல எல்லாக் குருக்களுக்கும் உரியதாயிற்று. பத்தாம் பயஸ் பாப்பரசர் 1911இல் அதை மாற்றி ஒழுங்குபடுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1970இல் சங்கீதங்கள் நான்கு வாரச் சுற்றாகப் பிரிக்கப்பட்டன. தமிழில் இது திருப்புகழ்மாலை. கட்டளைச் செபம் என்றும் சொல்வார்கள். திருத்தொண்டராகும் நாளிலேயே இதைச் சொல்லி வருவதாக வாக்களிக்கிறார்கள்.

இந்த முறையின் அழகு அது நம் மனநிலையைக் கேட்பதில்லை என்பதில் இருக்கிறது. மகிழ்ச்சியான காலையில் ஒரு புலம்பல் சங்கீதம் வந்து நிற்கும். ‘இது எனக்குப் பொருந்தவில்லையே’ என்று தாண்ட முடியாது. அப்படியானால் அது இன்று அழுகிற வேறொருவரின் குரல். அவருக்காக நான் சொல்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஆசாரிய ஜெபத்தை விளக்க முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்நிலைத் தியானம் என்று நான்கு படிகளாக வேத வாசிப்பை விளக்கி எழுதினார். இன்று தியானக் கூட்டங்களில் சொல்லித்தரப்படும் முறைகள் பலவற்றில் அந்த ஏணியின் தடம் தெரியும்.

குறையும் இல்லாமலில்லை. லத்தீனில் இருந்த கட்டளைச் செபப் புத்தகம் பல நூற்றாண்டுகளாகப் பொதுமக்களின் கைக்கு எட்டவில்லை. கடமை கழிக்க வேகவேகமாக முணுமுணுத்து முடித்த குருக்களைப் பற்றி அந்த மரபினரே வருந்தி எழுதியிருக்கிறார்கள். வத்திக்கான் சங்கம் 1964இல் விசுவாசிகளின் பொதுக் குருத்துவத்தையும் பணிக் குருத்துவத்தையும் ஒரே ஏட்டில் வைத்தது. இரண்டும் சாராம்சத்திலேயே வேறானவை, ஆனாலும் ஒன்றுக்கொன்று உரியவை என்றது. அடுத்த ஆண்டே இறைவார்த்தையை எல்லாரும் அடிக்கடி வாசிக்கும்படி வற்புறுத்தியது. தமிழில் 1995இல் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வெளிவந்தது.

லூத்தர் வழக்கை வேறிடத்திலிருந்து தொடங்கினார். 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதியபோது செருப்புத் தைப்பவர், கொல்லர், உழவர் ஆகிய எல்லாருமே அபிஷேகம் பெற்ற ஆசாரியர், வேலைதான் வேறு என்றார். அது மேடைப் பேச்சாக நின்றுவிடவில்லை என்பதற்குச் சாட்சி 1535இல் வந்த ஒரு சிறு நூல். ஜெபிப்பது எப்படி என்று கேட்ட பேத்தர் என்ற நாவிதருக்காக எழுதப்பட்டது அது. பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஒரு போதனை, ஒரு ஸ்தோத்திரம், ஒரு பாவ அறிக்கை, ஒரு விண்ணப்பம் என்று நான்கு இழைகளாகத் திரிக்கச் சொல்கிறார். சவரக்கத்தியிலும் தாடியிலும் கண் வைக்காமல் பேசிக்கொண்டே போகும் நாவிதன் ஆளின் மூக்கை அறுத்துவிடுவான், ஜெபத்திலும் அந்தக் கவனம் வேண்டும் என்று அவருடைய தொழிலிலிருந்தே எடுத்துச் சொல்கிறார். வேத தியானத்துக்கு வழிகாட்டும் நூல்களில் இதற்கு இணையாக நேராகப் பேசுவது குறைவு.

லூத்தருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டில் அந்தச் சபையிலேயே இந்த உபதேசம் பாடப்புத்தகத்துக்குள் உறங்கிப்போயிற்று. அதைத் தட்டி எழுப்பியவர் ஸ்பேனர். 1675இல் அவர் வெளியிட்ட சீர்திருத்த யோசனைகளில் வேதத்தை வீடுகளில் பரவலாக வாசிப்பது முதலாவது. ஆவிக்குரிய ஆசாரியத்துவத்தை எல்லாரும் நடைமுறையில் செலுத்துவது இரண்டாவது. 1677இல் அதற்கென்றே கேள்வி பதில் வடிவில் ஒரு நூல் எழுதினார். அவர் வழிவந்த பிராங்கே ஹாலே நகரில் பள்ளிகளையும் அச்சகத்தையும் நிறுவினார். அந்த ஹாலேயில் படித்த சீகன்பால்க் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிவிட்டது. எல்லாரும் ஆசாரியர் என்றால் எல்லாருடைய கையிலும் வேதம் இருக்க வேண்டும் என்ற நியாயந்தான் அந்த அவசரத்துக்குக் காரணம்.

வேதம் விரைவில் வந்தது. பதவிப் பிரதிஷ்டை வரத் தாமதமாயிற்று. உபதேசியாராக உழைத்த கடலூர் ஆரோனைக் குருவாக அபிஷேகம் செய்தது 1733இல். அனைவரும் ஆசாரியர் என்று சொன்ன சபைக்கு ஒரு தமிழர் தலையில் கை வைக்க 27 ஆண்டுகள் ஆயின. மிஷனரிகளின் கனிவையும் உழைப்பையும் போற்றும் நினைவு மலர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆங்கிலிக்கன் மரபு மடத்தின் ஏழு வேளைகளை இரண்டாகச் சுருக்கி ஊர்க்கோயிலுக்குக் கொண்டுவந்தது. கிரான்மர் 1549இல் தந்த ஜெபப்புத்தகத்தின் ஒழுங்குப்படி காலை மாலை ஆராதனைகளில் சங்கீதங்கள் மாதம் ஒருமுறை முடியும். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறையும் புதிய ஏற்பாடு மூன்று முறையும் வாசிக்கப்படும். குருவானவர் தாமாக ஜெபித்துக்கொண்டால் போதாது. மணியடித்து ஊரையும் அழைக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்த மணி பல ஊர்களில் ஓய்ந்த பிறகும் திருநெல்வேலிச் சீமையில் ஒலித்தது. இடையன்குடி, மெஞ்ஞானபுரம், நாசரேத் பக்கத்துச் சிற்றூர்களில் பனையேறி வீடு திரும்பியவர்கள் அந்தி மணிக்குக் கோயிலில் கூடினார்கள். குருவானவராகிய ஐயர் எங்கோ ஒரு சேகரத்தின் தலைமை ஊரில் இருப்பார். தினமும் வேதம் வாசித்து, வசனம் மனப்பாடம் கேட்டு, சீக்காளி வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் பெயர் சொல்லி ஜெபித்தவர் உபதேசியார்தான். அங்கி இல்லை, நற்கருணை கொடுக்கும் அதிகாரம் இல்லை. மல்கியாவின் அளவுகோலும் ஆரோனின் மார்ப்பதக்கமும் அவருக்குத்தான் பொருந்துகின்றன.

அந்த உபதேசியார்களுக்கு யார் பட்டம் கொடுப்பது என்பதிலேயே பெரும் பிளவு வந்தது. பாளையங்கோட்டையின் ரேனியஸ் லூத்தரன் முறையில் பட்டம் பெற்றவர், சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தில் ஊழியம் செய்தவர். தம்மிடம் பயின்றவர்களை ஆங்கிலிக்கன் பேராயர் மூலமாகவே அபிஷேகம் செய்ய வேண்டும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலிக்கன் சபை ஒழுங்கை விமர்சித்தும் எழுதினார். 1835இல் சங்கம் அவரை நீக்கியது. அவரிடம் படித்த அருளப்பன் இன்னும் ஒரு படி தாண்டினார். வேதத்தை வாசித்தே, அப்பம் பிட்கவும் பிரசங்கிக்கவும் பட்டம் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்திருந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நட்பு அருளப்பனுக்குக் கிடைத்தது. 1840இல் அருளப்பனின் முயற்சியால் கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமம் உருவாயிற்று. எந்த வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளத்திலும் நில்லாத ஊழியம் அங்கே வளர்ந்தது. 1860இல் திருநெல்வேலியில் எழுந்த எழுப்புதலில் அதன் பங்கு பெரிது. ஆவியின் வரங்களும் தீர்க்கதரிசனமும் பற்றிய செய்திகளால் அந்த எழுப்புதல் பேசப்படுகிறது. அதற்கு முந்திய இருபது ஆண்டு வேத வாசிப்பைப் பேசுவார் இல்லை.

ஒரு சபை பட்டமும் வைத்திருக்கலாம், எல்லாரையும் ஆசாரியராகவும் நடத்தலாம் என்று காட்டியவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. 1912இல் தோர்னக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலைமேல் தாமே கை வைத்து, சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலோடு சேர்ந்து அறிக்கையிடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். பட்ட ஆராதனையின் சாயலை ஞானஸ்நானத்துக்குள் கொண்டுவந்த துணிவு அது.

பெந்தெகொஸ்தே சபைகளில் இரு போக்குகளையும் பார்க்கலாம். இலங்கையில் தோன்றித் தமிழகத்தில் பரவிய பெந்தெகொஸ்தே மிஷனின் விசுவாச வீடுகளில் திருமணம் செய்யாத முழுநேர ஊழியர்கள் கூட்டாக வாழ்கிறார்கள். விடியுமுன் ஜெபம் தொடங்கிவிடும். ஏறக்குறைய ஒரு மடம். வேறு சபைகளில் யாரும் எழுந்து ஜெபிக்கலாம், ஆனால் பாஸ்டர் தலையில் கை வைத்தால்தான் ஜெபம் என்று ஜனம் வரிசையில் நிற்கிறது. ஆசாரியத்துவத்தை உபதேசத்தில் மறுத்துவிட்டு நடைமுறையில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம்.

வீட்டுத் தியானத்தின் வரலாறு தனி. ஹெர்ன்ஹூட் மொராவியர்கள் 1731 முதல் ஆண்டுதோறும் நாளுக்கொரு வசனத்தைச் சீட்டெடுத்து அச்சிட்டு வருகிறார்கள். ஸ்காட்லாந்தின் மெக்செய்ன் 1842இல் தம் சபையாருக்கென்று ஓராண்டு வாசிப்புத் திட்டம் வகுத்தார். ஸ்கிரிப்சர் யூனியனின் தினசரி வாசிப்பு 1879இல் சிறுவர்களுக்காகத் தொடங்கியது. நம் வீடுகளின் காலைத் தியானமும் குறிப்புப் புத்தகமும் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. இவற்றில் மெக்செய்ன் முறையையே நான் உயர்வாக மதிக்கிறேன். லேவியராகமத்தையும் எண்ணாகமத்தையும் தவிர்க்க அது இடங்கொடாது. ஒற்றை வசனமுறை கூட்டமாக, ஒழுக்கத்தோடு நடந்தவரை நன்றாக இருந்தது. வாக்குத்தத்தப் பெட்டியாகவும் புத்தாண்டு அட்டையாகவும் கைபேசியில் வரும் பூப்படமாகவும் சுருங்கியபோது ‘எனக்கு என்ன கிடைக்கும்’ என்பதே வாசிப்பாகிவிட்டது. தனக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தை மட்டும் தேடி வாசிப்பவர் எத்தனை ஆண்டு வாசித்தாலும் ஆசாரியர் ஆவதில்லை.

வாசிப்பும் வேண்டுதலும் பிரியாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடையே சான்று உண்டு. நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு 1950களின் இறுதியில் இளைஞர்கள் கூடிய ஜெபக்குழுக்களாகத்தான் தொடங்கியது. தாங்கள் பார்த்திராத ஊர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்தவர்கள் பிறகு அந்த ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள்; அசாம் என்றும் குஜராத் என்றும் கைப்பிடி அரிசியும் காணிக்கையும் போயின. பெண்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்களுக்குப் பட்டம் கொடுப்பதை சி.எஸ்.ஐ. ஏற்றுக்கொண்டது, வேறு பல சபைகள் ஏற்கவில்லை. ஆனால் எந்தச் சபையிலும் வேதாகம ஸ்திரீகளும் சங்கக் கூட்டத்துத் தாய்மாரும் ஜெபக் குறிப்பு நோட்டு வைத்து வேண்டுதல் செய்ததற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. அவர்கள் செய்தது ஆசாரிய ஊழியமே.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் பதின்மூன்று அதிகாரங்கள். நாளுக்கு ஒன்றாகக் குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசியுங்கள். பிறகு லேவியராகமம் எட்டாம் அதிகாரத்திலிருந்து பத்து வரை. அதன்பின் பேதுருவின் முதலாம் நிருபம். ஒவ்வொரு நாளும் வாசித்த பகுதியிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து, உங்கள் வீட்டைச் சேராத ஒருவரின் பெயரோடு சேர்த்து ஜெபியுங்கள். அந்தப் பெயர்களில் உங்கள் ஆயருடையதும் இருக்கட்டும். அவரிடம் ஜெபக் குறிப்பு கொடுக்கும் நாம் அவருடைய குறிப்பைக் கேட்பது அபூர்வம்.