இந்தியானா ஸ்டேட்டுக்கு யார் ஈடு தருவது?

2024 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளையாக ஓர் அணி இருந்தது. டெரா ஹோட் என்ற சிறு நகரத்தின் இந்தியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி. 1979இல் லாரி பேர்ட் இறுதி ஆட்டம்வரை அழைத்துச் சென்று, மேஜிக் ஜான்சனின் அணியிடம் தோற்றாரே, அதே பல்கலைக்கழகம். அதற்குப் பிறகு அந்த ஊருக்குக் கொண்டாடப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகுதான் ராபி அவிலா வந்தார். விளையாட்டுக் கண்ணாடி மாட்டிய நெட்டையர். ஓட்டத்தில் வேகம் குறைவு. கூடைக்குத் தொலைவில் நின்று பந்தை வாங்குவார். எதிராளியை ஏமாற்றிக் கூடையை நோக்கி ஓடும் கூட்டாளியின் கைக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி பந்தைக் கொடுப்பார். யாரும் ஓடவில்லையென்றால் நின்ற இடத்திலிருந்தே மூன்று புள்ளி எறிவார்.

28 வெற்றி, 6 தோல்வி. அப்படியிருந்தும் 68 அணிகள் ஆடும் ‘மார்ச் மேட்னஸ்’ தொடருக்கு அழைப்பு வரவில்லை. சொந்த லீக்கின் இறுதி ஆட்டத்தில் டிரேக்கிடம் தோற்றதுதான் காரணம். பெரிய லீக் அணிகளுக்கு இப்படி ஒரு தோல்வி உறுத்தாது. இரண்டாம் நிலைத் தொடரான என்.ஐ.டி.யில் ஆடி, அதன் இறுதி ஆட்டத்திலும் 79-77 என்று செடன் ஹாலிடம் நூலிழையில் தோற்றது இந்தியானா ஸ்டேட். அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸுக்குப் போனார். அவிலாவும் இன்னொருவரும் அவர் பின்னால் போனார்கள். இருவர் டெக்சாஸுக்கு, ஒருவர் சேவியருக்கு. ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. பழைய விதிப்படி கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். 2021இல் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றது. 2024 ஏப்ரலில் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலையிலேயே தம் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவர்கள் சம்பாதிக்க அனுமதி வந்துவிட்டது. 2025 ஜூனில், அந்த அமைப்பின்மீது ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. கல்லூரிகள் தம் விளையாட்டு வருவாயிலிருந்து முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்ற நிலை வந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் பணமூட்டையையும் வைத்த பிறகு, யாரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் பக்கமுள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது சின்ன நியாயம் அல்ல. மார்ச் தொடரின் ஒளிபரப்பு உரிமை 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. 2014இல் கனெக்டிகட் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுத்திருக்கிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதற்குப் பின்புதான் அளவில்லாச் சாப்பாட்டுக்கு விதியில் இடம் கிடைத்தது. பயிற்சியாளர்களோ எப்போதும் நினைத்த நேரத்தில் மாறினார்கள். 2022இல் ஜெர்சி சிட்டியின் சிறிய செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி கென்டக்கியை வீழ்த்தி, கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. 15ஆம் தரவரிசையில் நுழைந்த எந்த அணியும் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை. தொடர் முடிந்த கையோடு அதன் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே செடன் ஹாலுக்குப் போய்விட்டார். (ஆம், இரண்டு ஆண்டு கழித்து இந்தியானா ஸ்டேட்டைத் தோற்கடித்தது அவருடைய அணிதான்.) பயிற்சியாளருக்கு உள்ள உரிமை இருபது வயதுப் பையனுக்கு ஏன் கூடாது என்ற கேள்விக்குப் பழைய முறையை ஆதரிப்பவர்களிடம் இதுவரை பதில் இல்லை.

புதிய முறை கீழிருந்து மேலே ஏறவும் வழி திறந்திருக்கிறது. பென்னட் ஸ்டர்ட்ஸ் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த நார்த்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட்டில் ஆடிக்கொண்டிருந்தவர். பயிற்சியாளர் பென் மெக்கொல்லம் 2024இல் டிரேக்குக்கு வந்தபோது ஸ்டர்ட்ஸோடு மேலும் மூன்று பேரை அழைத்துவந்தார். பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத அந்த நால்வரை நம்பி டிரேக் 31 ஆட்டங்களை வென்றது. மார்ச் தொடரில் மிசௌரியையும் சாய்த்தது. பழைய விதி இருந்திருந்தால் ஸ்டர்ட்ஸ் அந்த ஆண்டு பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் டிரேக்கின் சந்தோஷம் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. தொடர் முடிந்ததும் மெக்கொல்லம் ஐயோவாவுக்குப் போனார், ஸ்டர்ட்ஸும் போனார்.

ஏற்றத்தாழ்வு நேற்று முளைத்ததில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஜான் வுடனின் யு.சி.எல்.ஏ. 12 ஆண்டுகளில் 10 முறை கோப்பையை எடுத்தது. மேசைக்கு அடியில் பணம் கைமாறுவதும் ஊரறிந்த ரகசியம், 2017இல் எஃப்.பி.ஐ. வந்து அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அப்படியானால் சிறிய கல்லூரிகள் எதை வைத்துக்கொண்டு அவ்வப்போது வென்றன? காலத்தை வைத்துக்கொண்டு. யாரும் கேட்காத ஒரு பையனைச் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரே ஐவர் சேர்ந்து ஆடுவார்கள். பெரிய கல்லூரியின் 19 வயது நட்சத்திரங்களை 22 வயதுக்காரர்கள் பழக்கத்தாலேயே மடக்குவார்கள். ஒல்லிப்பையன் என்று பெரிய கல்லூரிகள் ஒதுக்கிய ஸ்டீபன் கரி டேவிட்சனில் அப்படித்தான் வளர்ந்தார். 2008இல் அந்தச் சிறு கல்லூரியைக் கடைசி எட்டுக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டின் சாம்பியன் கான்சாஸிடம் 59-57 என்று தோற்ற பிறகும், அடுத்த ஆண்டு அதே டேவிட்சனுக்குத் திரும்பினார். இன்று அப்படித் திரும்பும் ஒருவர் கோடிகளை வேண்டாமென்று சொல்லித்தான் திரும்ப வேண்டும்.

இப்போது பறிபோவது இந்தக் காலம்தான். 2025 தொடரில் கடைசி 16 அணிகளும் நான்கே லீக்குகளிலிருந்து வந்தன: எஸ்.இ.சி. 7, பிக் டென் 4, பிக் 12 4, ஏ.சி.சி. 1. இறுதி நான்கும் தத்தம் மண்டலத்தில் முதல் தரவரிசை பெற்ற அணிகளே. ஓராண்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாதுதான். 2023இல்தான் ஃப்ளோரிடா அட்லாண்டிக் கடைசி நான்கில் ஆடியது. ஆனால் அந்த அணி என்ன ஆயிற்று? பயிற்சியாளர் டஸ்டி மேயும் நெட்டையர் கோல்டினும் மிச்சிகனுக்குப் போனார்கள். அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போய் 2025இல் கோப்பையே வென்றார்.

இழப்பு புள்ளிப்பட்டியலோடு நிற்பதில்லை. மார்ச் தொடரில் இறுதி ஆட்டம் நீங்கலாக அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் லீக்குக்கு ஒரு பங்கு உண்டு. ஆறு ஆண்டுகளில் அது சுமார் 20 லட்சம் டாலர் ஆகும். ஆகவே தோற்றவனுக்கு வருமானமும் குறைகிறது; அடுத்த ஆண்டு ஆட்டக்காரரைத் தக்கவைக்கக் காசும் குறைகிறது. சிறிய கல்லூரிகள் கையாளும் இன்னொரு வழி, பெரிய அணியின் அரங்குக்குப் போய் அடிவாங்கிக்கொண்டு கூலி பெறுவது. 2019 நவம்பரில் எவன்ஸ்வில்லுக்குக் கென்டக்கி 90,000 டாலர் கொடுத்து வரவழைத்தது. எவன்ஸ்வில் 67-64 என்று ஜெயித்துவிட்டு, காசோலையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியது. அத்தகைய இரவுகள் அபூர்வம். பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் 2025இல் மார்ச் தொடரில் ஆடிய ஒரு வாரத்தில், விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதாக அறிவித்தது.

பணம்தான் கோடு கிழிக்கிறது, கல்லூரியின் அளவு அல்ல. ஸ்போகேன் நகரின் கொன்சாகா சிறியதுதான். கால் நூற்றாண்டாக யாராலும் அதை அசைக்க முடியவில்லை. பெரிய கல்லூரிகளில் வருவாய்ப் பங்கின் பெரும்பகுதியை அமெரிக்கக் கால்பந்து விழுங்கிவிடுகிறது. அந்தச் செலவு இல்லாத செயின்ட் ஜான்ஸ் போன்றவை புரவலர் துணையோடு கூடைப்பந்தில் மட்டும் கொட்டி எழுந்துவிட்டன. புரவலரும் இல்லாத டெரா ஹோட்டுக்கு அந்த வழியும் இல்லை.

மீண்டும் விலங்கு பூட்டுவது தீர்வாகாது, நீதிமன்றமும் விடாது. ஆனால் ஈடு கேட்கலாம். உலகக் கால்பந்தில் ஒருவர் ஒப்பந்தக் காலத்தில் பணத்துக்குக் கிளப் மாறினால், அத்தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போகிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் இந்த வழக்கம் புதிதல்ல. பயிற்சியாளர் ஒப்பந்தத்தை முறித்துப் போனால் பழைய கல்லூரிக்கு இழப்பீடு வந்து சேர்கிறது. அவர் கையோடு ஐந்து ஆட்டக்காரர்களைக் கூட்டிப்போனால் அதற்கு ஒரு காசும் வருவதில்லை. ஆட்டக்காரருக்குக் கிடைக்க வேண்டிய பணத்தில் கைவைக்காமல், சேர்த்துக்கொள்ளும் பெரிய கல்லூரி தனியாக ஒரு வளர்ப்புத் தொகை தரவேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. விதி செய்ய வேண்டும். ஆட்டக்காரரின் விலையை அது குறைக்கிறது என்று வழக்கு வரலாம். ஆட்டக்காரர்களையே சங்கமாக ஏற்று அவர்களோடு பேசி எழுதினால் அந்த வழக்கும் நிற்காது. அதைச் செய்யாமல் போட்டி எல்லோருக்கும் பொது என்று ஒவ்வொரு மார்ச்சிலும் விளம்பரம் செய்வது ஏமாற்று.