கிரேஸ் மார்க் ராக்கெட்டுகள்

தமிழில் விண்வெளிப் படம் வந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, 'நம்ம பட்ஜெட்டுக்கு இதுவே பெரிய விஷயம் பாஸ்!' என்று கைகுலுக்கும். இன்னொரு கட்சி, எந்த ஸீன் எந்த ஹாலிவுட் படத்திலிருந்து சுட்டது என்று லிஸ்ட் போடும். இருவரும் ஒருவரை ஒருவர் ஜென்ம விரோதியாக நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கட்சி என்றுதான் படுகிறது. இருவர் கையிலும் இருப்பது ஹாலிவுட் பரீட்சைத்தாள்தான். முதலாமவர், முப்பத்தைந்து மார்க் வந்துவிட்டது, கொஞ்சம் கிரேஸ் மார்க் போட்டு பாஸ் பண்ணிவிடலாம் என்கிறார். இரண்டாமவர், பிட் அடித்து வாங்கின மார்க் செல்லாது என்கிறார். கேள்வித்தாள் நம்முடையதுதானா என்று யாரும் கேட்பதில்லை.

மற்ற ஊர்களில் இந்தச் சண்டை வெறும் பொழுதுபோக்கு. தூத்துக்குடி மாவட்டத்தில், பெரியதாழை மாதிரி ஒரு கடற்கரை ஊரில் அப்படி விட்டுவிட முடியாது. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் படங்கள்.

2018 ஜூனில் 'டிக் டிக் டிக்' வந்தது. (1981-ல் பாரதிராஜா எடுத்த கமல் படம் வேறு.) இயக்குநர் சக்தி சௌந்தர் ராஜன், கதாநாயகன் ஜெயம் ரவி. 'இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்' என்று விளம்பரம். ஒரு விண்கல் வங்காள விரிகுடாவில் விழப்போகிறது. விழுந்தால் ஆழிப்பேரலை எழும்பி நாலு கோடிப் பேர் சாவார்கள். அதை உடைக்க, வேறொரு நாடு விண்வெளியில் ஒளித்து வைத்திருக்கும் ஏவுகணையைத் திருட வேண்டும். திருட ஒரு மேஜிக்காரர் போகிறார்.

கேட்க ஜாலியாகத்தானே இருக்கிறது? எனக்கும் அந்த மேஜிக்காரர் ஐடியா பிடித்திருந்தது. ராக்கெட்டில் போவதற்குக் கையில் வித்தை இருந்தால் போதும் என்பது நல்ல மசாலாக் கற்பனை. 'ஆர்மகெடான்' 1998-லேயே வந்துவிட்டதே என்று கேட்டவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆனால் என் புகார் காப்பி பற்றியதல்ல. விண்கல் விழப்போவது கடலில். சாகப்போவது கடலோரத்து மக்கள். படம் முடிந்து வெளியே வந்தால், கடலை நம்பிப் பிழைக்கிற ஒருவர் முகம்கூட மனசில் நிற்கவில்லை. நாலு கோடி என்பது ஒரு நம்பர். டென்ஷன் ஏற்றுவதற்கான நம்பர்.

அந்தப் படம் வருவதற்கு ஏழே மாதம் முன்னால், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியது. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்கள் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். கரைக்குச் சொன்ன எச்சரிக்கை அவ்வளவு தூரத்தில் இருந்த படகுக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் நம்முடைய நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாக ஆழ்கடல் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் மீனவர் கைக்கு வர ஆரம்பித்தன. வானத்திலிருந்து ஒரு படகுக்கு ஒரு வரிச் செய்தி. அது வந்தால் உயிர், வராவிட்டால் இல்லை. யோசித்துப் பாருங்கள், இதைவிட விறுவிறுப்பான விண்வெளிக் கதை உண்டா? சுடவேண்டிய அவசியமே இல்லாத கதை. பக்கத்திலேயே கிடந்தது. எடுக்க ஆளில்லை.

'முதல் விண்வெளிப் படம்' என்பதும் சரியான கணக்கு இல்லை. 1963-லேயே எம்.ஜி.ஆர். போய்விட்டு வந்துவிட்டார்! 'கலை அரசி' என்று படம். ஏ.காசிலிங்கம் இயக்கியது. ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருஷம். நிலாவில் மனிதன் கால்வைக்க இன்னும் ஆறு வருஷம். கறுப்பு வெள்ளை, அட்டை செட், பறக்கும் தட்டு. இன்றைய பையன்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் கதையைக் கேளுங்கள். ஒரு கிரகத்துக்காரர்கள் விஞ்ஞானத்தில் எங்கேயோ போய்விட்டார்கள்; கலைதான் இல்லை. பாட்டும் நடனமும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று பூமிக்கு நம்பியாரை அனுப்பி, பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்கப் போகிறார் எம்.ஜி.ஆர்.

விஞ்ஞானம் வளர்ந்து, பாட்டு இல்லாமல் போன கிரகம். என்ன அருமையான ஐடியா! ஹாலிவுட் அப்போது வேற்றுக்கிரகத்து ஆசாமிகளை ஊரை எரிக்க அனுப்பிக்கொண்டிருந்தது. நாம் அவர்களைப் பாட்டு வாத்தியார் தேட அனுப்பினோம். அட்டை செட்டுக்கு உள்ளே நம்முடைய கேள்வி ஒன்று இருந்தது: எல்லா மிஷினும் வந்த பிறகு மனுஷனுக்கு என்ன மிச்சம்? அந்தப் படத்துக்கு யாரும் கிரேஸ் மார்க் போடவேண்டியதில்லை. கிராஃபிக்ஸில் ஃபெயில், கதையில் பாஸ்.

அப்புறம் 2024 பொங்கலுக்கு 'அயலான்'. ஆர்.ரவிக்குமார் இயக்கம், சிவகார்த்திகேயன், ஏ.ஆர்.ரஹ்மான் இசை. பல வருஷம் தாமதமாகி வந்த படம். நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராஃபிக்ஸ் ஷாட் என்றார்கள். இதில் நாம் மேலே போகவில்லை. மேலேயிருந்து ஒருத்தர் வருகிறார், சித்தார்த் குரலில் பேசுகிறார். குழந்தைகளுக்குப் பிடித்துவிட்டது. பெரியவர்கள் 'குழந்தைகள் படம்தானே' என்று சொல்லி மார்க் போட்டார்கள். இதுவும் கிரேஸ் மார்க்கில் ஒரு வகைதான். குழந்தைகளுக்கு எது கொடுத்தாலும் போதும் என்று அர்த்தம்.

உண்மையில் 'அயலானு'க்கு அந்தச் சலுகை தேவையே இல்லை. கதாநாயகன் பூம்பாறை விவசாயி. பூச்சி, பறவை எல்லாவற்றுக்கும் நிலத்தில் பங்கு உண்டு என்று நம்புகிறவன். வில்லன் பூமியைத் துளைத்து வாயு எடுக்கப் பார்க்கிறவன். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வேற்றுக்கிரகத்துக்காரன் ஒருத்தன் வந்து, நம் மண்ணை நாமே தோண்டிக் கெடுப்பதைப் பார்க்கிறான் என்பது கச்சிதமான நம்மூர்க் கதை. குறை எங்கே என்றால், ஹீரோவுக்குத் தரவேண்டிய டூயட், ஃபைட், பஞ்ச் எல்லாம் தந்து முடிக்கும்போது அந்த விவசாயி கரைந்து போய்விடுகிறார். பாதிக் கிணறு தாண்டியவரைக் 'குழந்தைகள் படம்' என்று தட்டிக்கொடுத்து அனுப்பினால், அடுத்த தடவையும் பாதிதான் தாண்டுவார்.

வெளிநாட்டு ரசிகர்கள் எதற்காக உருகுகிறார்கள் என்று பார்த்தாலும் இதே விஷயம்தான். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' நாயகன் ஒரு பொட்டல்காட்டுப் பண்ணையில் வளர்ந்த பையன். 2014-ல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' பஞ்சுமிட்டாய்க் கலரில் ஒரு பட்டாசு. அதன் ஐந்து பேரும் எங்கேயும் சேர்த்துக்கொள்ளப்படாத உதிரிகள். அந்தக் கலருக்கும் வெடிக்கும் நடுவே, 'இவன் நம்ம ஆளு' என்று சொல்ல ஒரு முகம் இருக்கிறது. ரசிகன் விசிலடிப்பது அந்த முகத்துக்கு.

இப்போது பெரியதாழைக்கு வருவோம். குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே ரோகிணி வகைச் சின்ன ராக்கெட் ஒன்றையும் விட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே வந்தால் மணப்பாடு, அப்புறம் பெரியதாழை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கைமேல் போகாமல் வளைத்துக்கொண்டு போகவேண்டும். அதில் எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேரே தெற்கே விடலாம், கடல்தான். அரை டன் சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய லாபம்.

அந்தக் கடலில்தான் பெரியதாழைக்காரர்கள் வலை போடுகிறார்கள். ராக்கெட் விடும் நாளில் கடலின் ஒரு பகுதியை மூடுவது எல்லா ஏவுதளத்திலும் உள்ள நடைமுறை. பழவேற்காட்டு மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்தியாவின் முதல் ராக்கெட்டும் ஒரு மீனவ ஊரிலிருந்துதான் போனது. 'கலை அரசி' வந்த அதே 1963-ல், நவம்பர் 21, தும்பாவில். அங்கே மக்தலேன் மாதா கோயிலையே விட்டுக்கொடுத்து ஒதுங்கினார்கள் அந்தக் கத்தோலிக்க மீனவர்கள். அந்தக் கோயில் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர், ராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம்.

ஆக, விண்வெளி இந்தக் கரைக்கு அயலான் இல்லை. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் ராத்திரி வானம்தான் கடலோடிக்கு வரைபடம். விடிவெள்ளி என்று ஏமாந்து அகாலத்தில் கிளம்பிய வியாபாரி செத்துப்போன கதையை வைத்து 'செட்டியைக் கொன்ற வெள்ளி' என்று ஒரு நட்சத்திரத்துக்கே பேர் உண்டு. வானத்தைத் தப்பாகப் படித்தால் உயிர் போகும் என்று தெரிந்தவர்கள் வைத்த பேர்.

இந்த ஊரில் ராக்கெட்டைப் பற்றிப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. வேலை வருமா, பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைக்குமா, எத்தனை நாள் கடலை மூடுவார்கள், அந்த நாளுக்குக் கூலி யார் தருவது என்று கேள்விகளும் உண்டு. கைதட்டிவிட்டுக் கேட்கலாம், கேட்டுவிட்டும் கைதட்டலாம். ஒன்று இன்னொன்றுக்கு விரோதம் இல்லை. ஆனால் நம் சினிமா ரசிகனுக்கு ஐம்பது வருஷமாகக் கிடைத்த பயிற்சி, 'நம்மாளு செஞ்சிருக்கான், குறை சொல்லாதே' என்பதுதான். தியேட்டரில் பழகின பழக்கம் தியேட்டரோடு நிற்பதில்லை. நிஜ ராக்கெட் போகும்போதும் கேள்வி கேட்டவனைத் தேசத்துக்கு விரோதி போலப் பார்க்கும். படத்துக்குக் கிரேஸ் மார்க் போட்டால் நஷ்டம் டிக்கெட் காசு மட்டும். ஏவுதளத்துக்கும் அப்படிப் போட்டால் நஷ்டம் வேறு மாதிரி.

ஒரு சந்தோஷமான விஷயத்தோடு முடிக்கிறேன். குலசையில் ராக்கெட்டுகள் கிளம்ப ஆரம்பித்தால், பெரியதாழைப் பையன்கள் அதை வீட்டு வாசலிலிருந்தே பார்ப்பார்கள். முதலில் வெளிச்சம் தெரியும். சத்தம் பின்னால்தான் வரும். பத்து கிலோமீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட அரை நிமிஷம் கழித்து. சினிமாவில் இரண்டும் ஒன்றாக வரும். அடுத்த விண்வெளிப் படம் எடுக்கப்போகும் டைரக்டர் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. நிஜத்தைப் பார்த்த பையனைக் கிராஃபிக்ஸ் காட்டி அசத்த முடியாது. அவனுக்குக் கதைதான் வேண்டும். அதில் அவன் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறாரா என்று பார்ப்பான். இல்லையென்றால், கிரேஸ் மார்க் எல்லாம் போடமாட்டான்.