சிறிய உடல், முழுக் கேமரா: கையடக்க எஸ்.எல்.ஆர். மரபின் ஐந்து பாணிகள்

எஸ்.எல்.ஆர். கேமராவைச் சிறிதாக்குவது ஏன் கடினம் என்பது அதைத் திறந்து பார்த்தால் விளங்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிட ஒரு கண்ணாடி வேண்டும். படம் எடுக்கும் நொடியில் அது மேலெழும்ப இடமும் வேண்டும். அதனால்தான் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே நிக்கானில் 46.5 மி.மீ., கேனனில் 44 மி.மீ. இடைவெளி நிலையாக விடப்பட்டிருக்கிறது. அதன் தலைமேல், பிம்பத்தை நேராக்கிக் காட்டும் கனத்த பென்டாபிரிசம். டிஜிட்டல் காலத்தில் சென்சார், சர்க்யூட் பலகை, பின்புறத் திரை, பேட்டரி ஆகியவையும் சேர்ந்துகொண்டன. இவற்றில் எதைக் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு ஜப்பானியப் பொறியாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தந்த விடைகளே இம்மரபின் பாணிகள்.

ஒலிம்பஸ்: இடம் மாற்றிய மேதை

மூத்த பாணிக்குத் தலைவர் ஒலிம்பஸ் பொறியாளர் யோஷிஹிசா மைத்தானி. அவர் வடிவமைத்த கேமரா 1972-இல் எம்-1 என்ற பெயரில் வந்தது. லைக்காவின் ஆட்சேபத்துக்குப் பிறகு ஓஎம்-1 ஆனது. எடை 510 கிராம். மற்றவர்கள் மேல்தட்டில் வைத்திருந்த ஷட்டர் வேகக் கட்டுப்பாட்டை அவர் கண்ணாடிக் கூட்டின் அடிக்குக் கொண்டுபோனார். அதனால் வேகத்தை மாற்றும் வளையம் லென்ஸ் மவுன்டைச் சுற்றி வந்து அமர்ந்தது. லென்ஸைத் தாங்கியிருக்கும் இடது கையே வேகம், ஃபோகஸ், அபெர்ச்சர் மூன்றையும் பார்த்துக்கொள்ளும். கண் வியூஃபைண்டரை விட்டு அகல வேண்டியதில்லை. கண்ணாடி எழும் அதிர்ச்சியைத் தணிக்கக் காற்றின் அழுத்தத்தால் இயங்கும் ஓர் அமைப்பையும் உள்ளே வைத்தார். உடலை இவ்வளவு சுருக்கியவர் வியூஃபைண்டரைப் பெரிதாகவே வைத்தார் என்பதுதான் அவருடைய பெருமை. 50 மி.மீ. லென்ஸில் 0.92 மடங்கு உருப்பெருக்கம். சட்டகத்தில் 97 சதவீதம் கண்ணுக்குத் தெரியும். பின்னால் வந்த எல்லாக் கையடக்க எஸ்.எல்.ஆர்.களையும் இந்த அளவுகோலால்தான் நாம் அளக்க வேண்டும்.

பென்டாக்ஸ்: எதையும் விடாத அடர்த்தி

1976-இல் 495 கிராமில் எம்எக்ஸ் கேமராவைச் செய்த பென்டாக்ஸ், டிஜிட்டலிலும் அதே பிடிவாதத்தைத் தொடர்ந்தது. 2009-இல் வந்த கே-7 பாடி மட்டும் 670 கிராம். மக்னீசியக் கலவைக் கூடு, மழைத்துளி புகாத அடைப்புகள், 100 சதவீதம் காட்டும் பென்டாபிரிசம், முன்னும் பின்னும் இரண்டு டயல்கள் எல்லாம் அதற்குள் அடங்கின. மேனுவல் முறையில் பச்சைப் பொத்தானை ஒருமுறை தட்டினால் ஒளியளவுக்கு ஏற்ற வேகம் வந்து நிற்கும். அங்கிருந்து டயலால் கூட்டலாம், குறைக்கலாம். நடுக்கம் தடுக்கும் வசதி பாடியிலேயே இருப்பதால் லென்ஸ்கள் அந்தச் சுமையைத் தூக்க வேண்டாம். இவர்களுடைய 40 மி.மீ. எஃப் 2.8 லிமிடெட் லென்ஸ் 15 மி.மீ. தடிமனும் 90 கிராம் எடையும்தான். ஓடுகிற பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வதில் கேனனையும் நிக்கானையும் எட்டவில்லை என்பது இப்பாணியின் குறை.

ஃபோர் தேர்ட்ஸ்: சென்சாரையே குறைத்தல்

ஒலிம்பஸே டிஜிட்டலில் வேறு வழி பிடித்தது. ஃபோர் தேர்ட்ஸ் எனப்படும் 17.3 × 13 மி.மீ. சென்சார், முழுச் சட்டகத்தில் ஏறக்குறையக் கால் பங்கு. 2007-இன் ஈ-410 பாடி 375 கிராம்தான். ஆனால் சென்சார் சிறுத்தபோது வியூஃபைண்டரும் சிறுத்தது. குறைந்த வெளிச்சத்தில் படத்தின் தரமும் இறங்கியது. 2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸை அறிவித்தபோது கண்ணாடியே எடுக்கப்பட்டது. சிறிய சென்சார் தனக்கேற்ற உடலை அங்கேதான் கண்டடைந்தது.

கேனன்: எளிமையாக்கல்

2003-இல் 300டி கேமரா மூலம் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது கேனன். 2013-இன் 100டி இப்பாணியின் உச்சம்: பேட்டரியும் கார்டும் சேர்த்து 407 கிராம். சென்சாரை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.களில் வழக்கமான ஏபிஎஸ்-சி அளவிலிருந்து குறைக்கவில்லை. கேனனின் ஈஎஃப் லென்ஸ்கள் அனைத்தும் பொருந்தும். விட்டுக்கொடுத்தது வேறிடத்தில். பிரிசத்துக்குப் பதில் எடை குறைந்த, சற்றே மங்கலான பென்டாமிரர். இரண்டு டயல்களுக்குப் பதில் ஒன்று. மேனுவல் முறையில் அபெர்ச்சரை மாற்ற, பின்புறப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் டயலைச் சுழற்ற வேண்டும். பயணத்தில் இது பொருட்டல்ல. மேடையில் விளக்குகள் மாறிக்கொண்டே இருக்கும்போது கை தடுமாறும். நம் ஊர்க் கடைகளில் நன்கு அறிமுகமான 200டி மார்க் 2 இதே வம்சம்.

நிக்கான்: புதிய கூடு, பழைய பிடி

2006-இல் டி40-இல் ஃபோகஸ் மோட்டாரை நீக்கினார்கள். பாடியின் மோட்டாரை நம்பியிருந்த ஏஎஃப் லென்ஸ்கள் அதில் கையால் திருகும் லென்ஸ்களாயின. அது கடுமையான விலை. பிற்பாடு மேலான வழி கண்டார்கள். 2015-இன் டி5500-க்குக் கார்பன் இழை கலந்த ஒற்றைக்கூடு. பாடி 420 கிராமாக இறங்கியும் கைப்பிடி ஆழமாகவே இருந்தது. மோட்டார், பிரிசம், இரண்டு டயல்கள் மூன்றும் வேண்டுவோருக்கு 2010-இலேயே 690 கிராமில் டி7000 இருந்தது.

மூன்று அளவுகோல்கள்

முதலாவது கண். விளம்பரத்தில் வரும் உருப்பெருக்க எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது; சென்சார் சிறுக்கும் விகிதத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஓஎம்-1-க்கு 0.92, கே-7-க்கு 0.61, 100டி-க்கு 0.54, ஈ-410-க்கு 0.46. காகிதத்தில் கே-7-க்கும் ஈ-410-க்கும் ஒரே 0.92 என்றுதான் போட்டிருக்கும்.

இரண்டாவது கை. வேகத்தையும் அபெர்ச்சரையும் கண்ணெடுக்காமல், பிடி தளராமல் மாற்ற முடிகிறதா?

மூன்றாவது லென்ஸ். பாடியில் நூறு கிராம் மிச்சம் பிடித்து, முன்னால் ஒரு கிலோ ஜூமை மாட்டினால் மிச்சமானது ஒன்றுமில்லை. சிறிய பிடியில் பாரம் முன்னுக்குச் சாய்வதுதான் பலன். 100டி-க்குத் துணை 125 கிராம் எடையுள்ள 24 மி.மீ. லென்ஸ்தான்.

இந்த மூன்றிலும் தேறுவதால் பென்டாக்ஸ் கே-7 வரிசையையே மைத்தானியின் நேர் வாரிசு என்பேன். 100டி தன் எல்லைக்குள் நேர்மையான கேமரா. டி7000 எடையில் கொஞ்சம் தோற்று மற்றதில் வென்றது. கண்ணையும் கையையும் காப்பாற்றி மற்றதைக் குறைத்ததே உயர்ந்த சுருக்கம்.

இன்று கண்ணாடியில்லாக் கேமராக்கள் சந்தையைப் பிடித்துவிட்டன. அவற்றிலும் டயலைக் குறைத்து, வியூஃபைண்டரைச் சிறுக்கி, எடையை மட்டும் கொட்டை எழுத்தில் போடும் மாடல்கள் வருகின்றன. புதிதோ பழையதோ, வாங்கப்போகும் இளைஞர்கள் தாம் மாட்டப்போகும் லென்ஸோடு கடைக்குப் போகட்டும். கண்ணில் வைத்து இரண்டு கட்டுப்பாடுகளையும் மாற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு எடையைக் கேட்கட்டும்.