பதின்மூன்று ஊர்களும் எண்ணப்படாத கலங்களும்: முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியைக் கடற்படையின் அரசு வரலாறாக வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கடாரப் படையெடுப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான அரசுச் செய்தி. அதனைப் போர்க்கள நாட்குறிப்பாகக் கொள்வாரும் வெற்றுப் புகழ்ச்சியெனத் தள்ளுவாரும் உளர். அரசுப் பணியாளர் ஒருவர் கடற்படைக்கென எழுதிய வரலாறு என்ற நிலையில் அதனை வாசித்து, இந்தியக் கடற்படையின் இக்கால அதிகாரபூர்வ வரலாற்று நூல்களோடு வைத்து மதிப்பிட முயல்கிறது இக்கட்டுரை.

திறவுச்சொற்கள்: மெய்க்கீர்த்தி, கடாரம், எதுகை, ஆனைமங்கலம், அரசு வரலாற்றாசிரியர்

மெய்க்கீர்த்தி எழுதிய கை

கடாரப் படையெடுப்பின் ஆயிரமாண்டு நிறைவு 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு விழாவாகக் கொண்டாடப்பட்டது. இவ்விழாவையொட்டி மேடைகளிலும் சமூக ஊடகங்களிலும் சோழர் கடற்படையின் கலங்களுக்கு எண்ணிக்கை சொல்லப்பட்டது. படைத்தலைவர்க்குப் பதவிப் படிநிலையும், படை சென்ற வழிக்கு வரைபடமும் தரப்பட்டன. இவற்றுள் எது மூலச் சான்றில் உள்ளது என்று வினவுவோர் தஞ்சைக் கல்வெட்டுக்கே திரும்ப வேண்டியவராகின்றனர். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி கடாரவெற்றியைப் போகிற போக்கில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. விரிவு என்று சொல்லத்தக்கது ‘திருமன்னி வளர’ எனத் தொடங்கும் தமிழ் மெய்க்கீர்த்தியில்தான் உள்ளது.

கல்வெட்டின் தலைப்பில் அரசனது வெற்றிகளை நிரல்படக் கூறும் வழக்கத்தை நிலைநிறுத்தியவன் முதலாம் இராசராசன். அவன் மகன் காலத்தில் அது அலுவலகப் பணியாகவே இறுகிவிட்டது. ஆட்சியாண்டு கூடுந்தோறும் பழைய வாசகத்தின் இறுதியில் புதிய வெற்றி ஒட்டப்பட்டது. முன்னுள்ளது பெரிதும் திருத்தப்படவில்லை. கங்கைவெற்றி ஒரு கட்டத்திலும், 14ஆம் ஆட்சியாண்டளவில் கடாரவெற்றி அடுத்த கட்டத்திலும் சேர்கின்றன. இவ்வாசகம் நாடெங்கும் கோயில்களுக்குச் சென்று ஏறத்தாழ ஒரே வடிவில் வெட்டப்பட்டிருப்பதால், இதற்கெனப் பொறுப்பாளர் ஒருவரோ பலரோ அரசவையில் இருந்திருத்தல் வேண்டும். திருவாலங்காட்டு வடமொழிப் பகுதியை இயற்றிய நாராயணன் பெயர் நமக்குத் தெரியும். தமிழ் மெய்க்கீர்த்தியை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. பதிப்பு தோறும் விரிவடையும் அரசு வரலாற்றை எழுதியவர் என்ற முறையில் அவரை அரசு வரலாற்றாசிரியர் எனல் மிகையன்று.

எதுகை தந்த தேன்

மெய்க்கீர்த்தியின் கடாரப் பகுதி, அலையெறியும் கடலில் பல கலங்கள் செலுத்தப்பட்டதையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபட்டதையும், குவித்து வைத்திருந்த செல்வமும் வித்தியாதர தோரணமும் மணிக்கதவங்களும் கைக்கொள்ளப்பட்டதையும் சொல்லி, ஸ்ரீவிசயம் தொடங்கிக் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களைப் பட்டியலிடுகிறது. ஹுல்ட்ஷ் இதனைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தபோது கடாரத்தை முதலில் மதுரை மாவட்டத்திலேயே தேடினார். கலம் ஏறிப் போன படை மதுரைக்குப் போயிற்றெனக் கொள்ள நேர்ந்தது அக்கால அறிவின் எல்லையைக் காட்டுகிறது. பின்னர்க் கடாரம் பர்மாக் கரைக்கு நகர்ந்தது. ஜார்ஜ் செதேஸ் 1918இல் ஸ்ரீவிசய அரசை அடையாளங்காட்டிய பிறகே அது மலேயாவின் கெடாவில் நிலைபெற்றது. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் அவ்வடித்தளத்தின் மீதே எழுதினர்.

ஊர்கள் அடையாளம் காணப்பட்டதும் மற்றொரு ஆசை எழுந்தது. பட்டியலின் வரிசையைப் படை சென்ற வரிசையாகக் கொண்டு வழிவரைபடம் தீட்டத் தொடங்கினர். இதுவே இவ்வாய்வுத் துறையின் வலுவற்ற பகுதி எனக் கருதுகிறேன். ஸ்ரீவிசயம் சுமத்திராவின் தென்பகுதியில் உள்ளது. நாகப்பட்டினத்துக்கு அண்மையிலிருக்கும் நக்கவாரமோ இறுதிக்கு முன்னிடத்தில் நிற்கிறது. இடையில் வரும் இலங்காசோகமும் தமாலிங்கமும் மலாய்த் தீபகற்பத்தின் கீழைக்கரையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நடுவே மேலைக்கரைத் தக்கோலம் வருகிறது. தலைநகரை முதலில் தாக்கிப் பிறவற்றை மீளும்போது வென்றனர் என்று விளக்கலாம். ஆனால் எவ்வரிசைக்கும் இத்தகைய விளக்கம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட முடியும்.

யாப்பைக் கவனித்தால் வேறொன்று புலப்படுகிறது. பெரும்பாலான ஊர்களில் அடைமொழியின் முதற்சீர் ஊர்ப்பெயரோடு எதுகை கொள்கிறது. தக்கோலத்தைக் கல்வியிற் சிறந்த தக்கோர் புகழ்கின்றனர். நக்கவாரத்துச் சோலைகளில் தேன் சொரிகிறது. இலங்காசோகம் போரில் கலங்காதது. நக்கவாரத்தில் தேன் உண்டா என ஆராய்வது வீண்; அத்தேன் எதுகையின் தேவைக்கு வந்தது. ஊர்ப்பெயர்களுக்கு முன்னுள்ள ‘மா’, ‘தலை’ ஆகிய ஒட்டுகளையும் ஓசை கருதி ஆராய வேண்டும். மேவிலிம்பங்கத்தின் மதிலையும் மாப்பப்பாளத்தின் நீரரணையும் கொண்டு அவ்வூர்களின் கோட்டையமைப்பை வரைவோர், யாப்புக்கும் புவியியலுக்கும் உரிய வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இதனால் பட்டியல் பயனற்றதாகிவிடாது. அடைமொழியைத் தமிழ்ச் செய்யுள் மரபிலிருந்து எடுக்கலாம். ‘இலாமுரி’, ‘தமாலிங்கம்’, ‘பப்பாளம்’ போன்ற பெயர்களை அங்கிருந்து எடுக்க இயலாது. அவை கடலோடிகளின் வாயிலிருந்தோ வணிகர் கணக்கிலிருந்தோ அவைக்கு வந்திருக்க வேண்டும். 1225இல் சீன அதிகாரி சாவ் ருகுவா எழுதிய நூலில் ஸ்ரீவிசயத்துக்கு உட்பட்டனவாகக் கூறப்படும் ஊர்களுள் சில இப்பட்டியலோடு ஒத்துவருதல் இதனை வலுப்படுத்துகிறது. பெயர்கள் செய்தி, அடைகள் செய்யுள், வரிசை பெரும்பாலும் செய்யுளின் பக்கமே சாய்கிறது.

எண்ணத் தெரிந்த அரசு

மெய்க்கீர்த்தியில் கலங்களுக்குக் கிடைத்த எண்ணடை ‘பல’ ஒன்றே. புறப்பட்ட துறை, படைத்தலைவன் பெயர், புறப்பட்ட பருவம், போர்க்காரணம், இழப்பு ஆகியவற்றுள் எதுவும் இல்லை. பிடிபட்ட அரசன் பின்னர் என்ன ஆனான் என்பதும் இல்லை. ‘இது புகழ்மாலை, இதில் கணக்குத் தேடலாமா’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்வரசு கணக்கறியாத அரசன்று.

அதே பெரிய கோயிலில் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒருவர் விடாமல் பெயர் சொல்லி, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்றும், ஒருவர்க்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்றும் பதிவு செய்கிறது. நெல் அளக்க ஆடவல்லான் என்னும் மரக்கால் குறிக்கப்படுகிறது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்த பெரிய லெய்டன் செப்பேடு, 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்தின் காணிக்கடனை 8,943 கலத்துக்கு மேலாக, நாழி வரை கணக்கிடுகிறது. காவிரிப் படுகையில் நாழி நெல் தவறாது. கடலுக்குப் போனவற்றுக்கு மட்டும் ‘பல’ போதுமாயிற்று.

இவ்வேறுபாட்டுக்கு இரு விளக்கங்கள் கூறலாம். ஒன்று, நெல் வரவு ஆண்டுதோறும் வழக்குக்கு வரக்கூடியது. அதற்கு எழுத்துச் சான்று தேவை. படையெடுப்பை எதிர்த்து வழக்காட ஒருவரும் வரப்போவதில்லை. மற்றொன்று, கலங்கள் அரசின் உடைமையாக இல்லாதிருந்திருக்கலாம். பெரிய கோயில் கல்வெட்டுகள் யானையாட்கள், குதிரைச்சேவகர், வில்லிகள், வேளைக்காரர், கைக்கோளர் எனப் படைப்பிரிவுகளின் பெயர்களை மிகுதியாகத் தருகின்றன. கடலைச் சுட்டும் பிரிவு அவற்றுள் தெளிவாகத் தலைகாட்டவில்லை. ஜார்ஜ் ஸ்பென்சர் 1983இல் இப்படையெடுப்பைக் கொள்ளையை நாடும் அரசியலோடு இணைத்தார். 2009இல் சிங்கப்பூரில் வெளிவந்த ‘நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணத்வீபத்துக்கு’ என்னும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு வணிகக் குழுக்களையும் சீன வாணிகத்தையும் முன்னிறுத்தியது. கலங்கள் வணிகருடையவை எனின், அவற்றை எண்ணுவது அரசனின் புகழைப் பிறரோடு பங்கிடுவதாகும். இரண்டாம் விளக்கமே எனக்கு உடன்பாடு. எனினும் இன்மையை அடிப்படையாகக் கொண்ட முடிவு என்பதால் அதனை அழுத்திச் சொல்வதற்கில்லை.

காரணம் பற்றிய மௌனம் வேறு வகையினது. ஆனைமங்கலத்தைப் பெற்ற விகாரத்தைக் கட்டுவித்தவன் கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன். அக்கொடை நடந்தது 1006ஆம் ஆண்டளவில். இருபது ஆண்டுகளுக்குள் அக்குடியின் அரசனே சிறைபிடிக்கப்படுகிறான். முதற்குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டுச் சிறிய லெய்டன் செப்பேடு கடாரத்தரசனின் தூதர் வேண்டுகோளின்படி விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதிசெய்கிறது. நட்பு, போர், மீண்டும் நட்பு. இதில் நடுவிலுள்ளதை மட்டும் எழுதிய மெய்க்கீர்த்திக்காரர், முன்னுள்ளதை எழுதினால் போருக்குக் காரணம் சொல்ல நேரும் என்பதை அறிந்திருப்பார்.

இக்காலப் பதவி

அரசு வரலாற்றாசிரியர் பதவி இன்றும் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் அரச இந்தியக் கடற்படையின் பங்கினை காலின்ஸ் எழுத, பிசேஷ்வர் பிரசாத்தைப் பொதுப்பதிப்பாசிரியராகக் கொண்ட வரிசையில் அது 1964இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படை தன் வரலாற்றை ஓய்வுபெற்ற தளபதிகளிடமே ஒப்படைத்தது. சத்யிந்திர சிங் 1945 முதல் 1965 வரையிலான காலத்தை இரு நூல்களாகவும், ஹிரானந்தானி 1965 முதல் 2000 வரையிலான காலத்தை மூன்று நூல்களாகவும் எழுதினர்.

ஹிரானந்தானியின் முதல் நூல் 2000இல் வெளிவந்தது. 1971 போரின்போது அவர் மேலைக் கடற்படையணியின் போர்ச்செயல் அதிகாரி. தாம் பங்குகொண்ட போரைத் தாமே எழுதும் நிலை அவருடையது. இது வரலாற்றாசிரியர்க்கு வலிமையும் இடரும் ஆகும். கராச்சித் தாக்குதலைப் பற்றிய பக்கங்களில் பெருமிதம் மறைக்கப்படவில்லை. ஆனால் 1971 டிசம்பர் 9 அன்று நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கிய குக்ரி அந்நூலில் ‘சில இழப்புகள்’ ஆகிவிடவில்லை. அக்கப்பலோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். பாகிஸ்தான் தரப்பின் கூற்றையும் அருகில் வைத்தே அவர் எழுதுகிறார். பகைவன் குரலுக்கு இடமளித்தமையே, இலக்கிய நயம் குறைந்த அந்நூலை நம்பத்தக்கதாக்குகிறது.

பிரித்தானியாவின் ரோஸ்கில் இன்னும் கடினமான சோதனைக்கு உள்ளானவர். 1941 டிசம்பர் 10 அன்று மலேயாவின் கீழைக்கடலில் இரு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கியதில் சர்ச்சிலுக்கிருந்த பங்கு குறித்து அவர் எழுதியது சர்ச்சிலுக்கு உவப்பளிக்கவில்லை. எனினும் முதல் தொகுதி, சர்ச்சில் பிரதமராக இருந்த 1954ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அரசு ஊதியம் பெறுவோர் எல்லாரும் மெய்க்கீர்த்தியே எழுதுவர் என்ற எளிய முடிவுக்கு இவ்விருவரும் இடம் தருவதில்லை.

மறுபுறம், எழுதி முடித்ததைப் பூட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1992இல் முடித்த 1971 போர் வரலாறு நெடுங்காலம் முறையாக வெளியிடப்படவில்லை. போர் ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்த வேண்டும் என்னும் கொள்கையை அமைச்சகம் ஏற்றது 2021இல்தான். மெய்க்கீர்த்திக்காரர் இதற்கு நேர்மாறானவர். கடாரம் வீழ்ந்து ஓராண்டளவில் அவர் வாசகம் ஊர்தோறும் கல்லில் ஏறிவிட்டது. ஒளித்து வைக்கப்பட்ட ஆவணம் எதுவும் அதன் பின்னால் இருந்ததாகத் தெரியவில்லை. எழுதாமல் விட்டதே அவரது மறைப்பு.

ஆகவே கலங்களின் எண்ணிக்கையை மெய்க்கீர்த்தியில் தேடுவோர் ஏமாறுவர். போரில் இறந்தோர் குடும்பத்துக்கு விடப்பட்ட உதிரப்பட்டி நிலங்களைக் குறிக்கும் கல்வெட்டுகள், கடற்கரையூர்களின் கோயிற்கொடைகள், வணிகக் குழுக் கல்வெட்டுகள் ஆகியவற்றை 1025ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு வரிசைப்படுத்திப் பார்ப்பது பயன்தரலாம். தஞ்சைக் கல்வெட்டையும் முழுமையாக வாசிக்க வேண்டும். மெய்க்கீர்த்தித் தொகுப்புகள் வாசகத்தைக் கடாரத்தோடு நிறுத்திவிடுகின்றன. கல்லில் அது நிற்பதில்லை; அடுத்து ஆட்சியாண்டு வருகிறது; அதன்பின் பெரிய கோயிலின் சைவாசாரியர் சர்வசிவ பண்டிதர்க்கும் அவர் மாணாக்கர்க்கும் ஆண்டுதோறும் 2,000 கலம் நெல் அளக்கும்படி இட்ட ஆணை வருகிறது.