இரண்டாகப் பிரியும் சாலை

1986-இல் சேகா நிறுவனத்துக்காக யூ சுசுகி உருவாக்கிய ‘அவுட் ரன்’ என்ற ஆர்கேட் வீடியோ ஆட்டத்தில் காசு போட்டதும் வண்டி கிளம்பிவிடாது. முதலில் திரையில் கார் ரேடியோ வரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அலைவரிசை மாறும். மூன்று பாட்டுகளில் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். என்ன அழகான தொடக்கம்!

பிறகுதான் கடற்கரை, சிவப்புக் கார், பக்கத்து இருக்கையில் கூந்தல் பறக்க ஒரு பெண். யாரையும் ஜெயிக்க வேண்டாம். கடிகாரத்தை முந்தினால் போதும். கட்டம் முடியும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரியும். இடமா, வலமா? மொத்தம் 15 கட்டங்கள். ஒரு பயணத்தில் ஐந்தைத்தான் பார்க்க முடியும்.

தட்டையான படங்களைச் சரசரவென்று பெரிதாக்கியே மேடு பள்ளங்களைக் கண்முன் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்து ஆடும் பெரிய ஆட்ட இயந்திரத்தில், வளைவில் இருக்கையும் சேர்ந்து ஆடும். கார் ஓட்டும் சுகத்தை இதைவிட நன்றாகச் சொன்ன ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.